வடசென்னையில் மாசி, பங்குனி: சின்னஞ்சிறு பிள்ளைகளை வெளியே விளையாட விடுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் ஒண்டுக்குடித்தன வீடு, மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், வாசலைத் தாண்டினால் லாரி, அதனால் கைப்பேசியே கதி என்று ஆகிவிட்டது என எழுதியிருக்கிறீர்கள். கோடை வெயில் ஏறுவதற்கு முன் இந்த மாதங்களில் வெளியே என்ன விளையாட வைக்கலாம் என்பது உங்கள் முதல் கேள்வி. மண்ணில் விட்டால் வயிற்றில் பூச்சி வரும் என்று மாமியார் தடுக்கிறாரே, அது உண்மையா என்பது இரண்டாவது கேள்வி.

இந்த வயதுப் பிள்ளைகளோடு அங்கன்வாடியில் நெடுங்காலம் இருந்தவள் நான். எனக்குத் தெரிந்த முதல் பாடம் இதுதான்: எந்த விளையாட்டு என்று யோசிப்பதற்கு முன்பு எந்த நேரம், எந்தத் தரை என்று முடிவு செய்யுங்கள். அவை இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் விளையாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்வார்கள். அவை தவறிவிட்டால் ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கிக் கொடுத்தாலும் கால் மணி நேரத்தில் சிணுங்கத் தொடங்குவார்கள்.

சித்திரையையும் வைகாசியையும்தான் நம் நூல்கள் இளவேனில் என்கின்றன. ஆனால் நம் கடற்கரை ஊரில் சின்னப் பிள்ளைகளை வெளியே விட ஏற்றவை மாசியும் பங்குனியும்தான். சென்னையின் பகல் உச்ச வெப்பம் பிப்ரவரியில் சராசரியாகச் சுமார் 31 டிகிரி, மார்ச்சில் 33, ஏப்ரலில் 35, மே மாதத்தில் 37. இந்தக் கணக்கு நிழலில் அளந்தது. மொட்டை மாடி சிமென்ட்டும் பூங்காவின் இரும்புச் சறுக்கு மரமும் இதைவிட மிக அதிகமாகச் சுடும். ஆகவே காலையில் ஆறரை முதல் எட்டரை வரை, மாலையில் நாலரை முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை நேரத்துக்கு நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புறப்படும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய இடங்களுக்கு அது முதலில் வந்துவிடும். கொளத்தூரும் மாதவரமும் சற்றுக் காத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு மாடியில் பிற்பகல் நாலரை மணிக்குக் கிழக்கு முகமாக நின்று பாருங்கள். முகத்தில் காற்று அடித்தால் பிள்ளைகளை மேலே கூட்டிவரலாம். ஏப்ரல் பிற்பகுதியில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வலுக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகும். அன்றைக்கு அவசரப்பட வேண்டாம். தரையை உங்கள் உள்ளங்கையால் பத்து நொடி தொட்டுப் பாருங்கள். உங்களுக்கே சுட்டால் அந்தப் பிஞ்சுக் காலுக்கு என்ன ஆகும்?

மொட்டை மாடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வடசென்னையில் பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் மைதானம். பிள்ளைகளை மேலே கூட்டிப் போவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் உங்கள் பிள்ளையின் தலைக்கு மேல் இருக்க வேண்டும், அதன் அருகே ஏறி நிற்கத் தோதாகத் தொட்டியோ செங்கல்லோ கிடக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டி மூடி பூட்டியிருக்க வேண்டும். கீழே வாசலில் தரையடித் தொட்டி இருந்தால் அதன் மூடியையும் பாருங்கள். பாதி வாளித் தண்ணீரே ஒரு சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீர், ஒரு பழைய பெயின்ட் தூரிகை. மாடிச் சுவரிலும் தரையிலும் தண்ணீரால் வரையட்டும். மூன்று வயதுக் குழந்தை கோடு இழுத்துவிட்டு, அது காய்ந்து மறைவதைப் பார்த்துத் திகைத்து நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளை நிழலில் வரைந்தது நிற்கிறது, வெயிலில் வரைந்தது ஓடிவிடுகிறது என்பதைத் தானே கண்டுபிடிக்கும். நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள், அந்தச் சந்தோஷத்தை அவர்களிடமிருந்து பறித்துவிடாதீர்கள். குடிதண்ணீருக்கே லாரி வரும் தெருவாக இருந்தால் அரிசி களைந்த நீரே போதும், விளையாட்டு முடிந்ததும் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றச் சொல்லுங்கள். செடிக்கு ஊற்றுவதும் அவர்களுக்கு விளையாட்டுதான்.

இன்னொரு நாள் கொட்டாங்குச்சி கொடுங்கள். தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மெல்லியது. அதை ஓர் ஆணியால் நீங்களே குத்தித் துளையாக்கிவிட்டால் அது புனல் ஆகிவிடும். துளையில்லாத கொட்டாங்குச்சியில் ஈர மணலை அடைத்துக் கவிழ்த்தால் மணல் இட்லி. கொஞ்சம் சொப்புச் சாமான், நான்கு வேப்பிலை இருந்தால் ஒரு முழு மாலைக்கு ஓட்டல் நடக்கும். நீங்கள் வாடிக்கையாளராகப் போய் உட்கார்ந்து, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பதில் கவனம் தேவை. தெருமுனையில் வீடு கட்டக் கொட்டியிருக்கும் குவியலில் பெரும்பாலும் இன்று எம்-சாண்ட்தான் இருக்கிறது. அது கருங்கல்லை உடைத்து எடுத்த தூள். முனைகள் கூர்மையாக இருக்கும், காய்ந்தால் தூசு பறந்து கண்ணிலும் மூச்சிலும் போகும். அது வேண்டாம். ஆற்று மணல் ஒரு தொட்டியளவு கிடைத்தால் நன்றாகச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். விளையாடாத நேரத்தில் கட்டாயம் தார்ப்பாயால் மூடிவையுங்கள். திறந்த மணலைப் பார்த்தால் பூனை சும்மா போகாது.

மணலுக்கு உண்மையான இடம் கடற்கரைதான். ஆனால் மெரினாவுக்குப் போகும் நினைப்பில் நம் வடகரைக்குப் போகக் கூடாது. 1870களில் துறைமுகச் சுவர் எழத் தொடங்கியது முதலே, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை அது தடுத்துவிட்டது. அதனால்தான் தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஊரை அரித்தது. இன்று நாம் பார்க்கும் பாறைச் சுவரும் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் அந்த அரிப்பைத் தடுக்கப் போட்டவை. இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் சேர்ந்து சின்னச் சின்னக் கரைகள் உருவாகியிருக்கின்றன. பிள்ளைகளுக்கு அந்தக் கரைகள் போதும். பாறைகள் மீது மட்டும் ஏறவிடவே கூடாது. பாசி வழுக்கும், இடுக்குகளில் கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கும்.

கடலில் கால் நனைப்பதற்கும் இந்த வயதில் நான் சம்மதிக்க மாட்டேன். நம் கரை சட்டென்று ஆழமாகும், நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். கடைசி அலை நனைத்த கோட்டிலிருந்து பெரியவர் நடையில் பத்தடி மேலே உங்கள் எல்லையை வைத்து, ஒரு பழைய கயிற்றை மணலில் நீளமாகப் போட்டுவிடுங்கள். ‘கயிற்றுக்கு இந்தப் பக்கம் நம் வீடு’ என்றால் மூன்று வயதுக்கும் புரியும். ஆளுக்கு ஒரு பெரியவர் உடன் வர வேண்டும். இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் மட்டும் தனியாகப் போவதைத் தவிருங்கள்.

அந்தக் கயிற்றுக்கு உள்ளே என்னென்ன செய்யலாம்! நண்டு வளை தேடலாம். வளை வாயில் சிறு உருண்டைகளாக மணல் சிதறியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தால் நண்டு எட்டிப் பார்க்கும். ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளை அவ்வளவு நேரம் அசையாமல் உட்காருவதை நீங்கள் வேறு எங்கும் பார்க்க முடியாது. கிளிஞ்சல் பொறுக்கிப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கலாம். ஈர மணலில் கைத்தடம், கால்தடம் பதித்து ‘இது யாருடையது’ என்று கேட்கலாம்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் கற்றுக் கொடுங்கள். முழங்கை நீளத்துக்கு மணலை வரப்பாகக் குவித்து, ஒருவர் சிறு குச்சி ஒன்றை இரு கை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு வரப்புக்குள் முன்னும் பின்னும் ஓட்டி, எங்கோ ஓரிடத்தில் ஒளித்துவிட வேண்டும். மற்றவர் இரு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் என்று நினைக்கும் இடத்தை மூட வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. ஒளிப்பவர் முகத்தைப் படிக்க வேண்டும், கை எங்கே தயங்கியது என்று பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டத் தொடங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கவனப் பயிற்சி எனக்குத் தெரியாது.

காசிமேடு துறைமுகத்தை விளையாடும் இடமாக நினைக்க வேண்டாம், பார்க்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஏல நேரத்தில் கூட்டமும் வண்டியும் மிகுதி, இடுப்பில் குழந்தையோடு போகச் சிரமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கும், பலவற்றுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள். கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கரையோரம் போகாமல், தள்ளி நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காகிதக் கப்பலுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று அவர்களே சொல்வார்கள்.

மரங்கள் பக்கம் வருகிறேன். மாசி, பங்குனியில் நம் தெருக்கள் தருவதை விலை கொடுத்து வாங்க முடியாது. புங்கை மரம் பழைய இலையை உதிர்த்துத் தளிர்விட்டு, வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூவை நடைபாதை முழுக்கக் கொட்டும். வேப்பம்பூ உதிரும். குயில் கூவத் தொடங்கும். காலையில் ஒரு மூங்கில் கூடையோடு பிள்ளைகளைப் புங்க மரத்தடிக்கு அனுப்புங்கள், அள்ளி வந்து மாடியில் கொட்டிக் கோலம் போடட்டும்.

பூவரசு இருக்கும் தெருவில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். நன்கு விரிந்த, ஆனால் முற்றாத ஓர் இலையை எடுத்துக் காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் தட்டையாக அழுத்தி ஊதினால் பீப்பி. முதலில் காற்றுதான் வரும், ஏழெட்டு இலை போன பிறகு திடீரென்று சத்தம் பிறக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு நீங்கள் சுருட்டிக் கொடுங்கள். தென்னை ஓலை கிடைத்தால் காற்றாடி முடைந்து ஈர்க்கில் செருகுங்கள். மாலைக் கடற்காற்றுக்கு மாடியில் அது ஓயாமல் சுழலும். பட்டம் கேட்டு அடம்பிடித்தால் காகிதத்தில் சின்னதாகச் செய்து, சாதாரணத் தையல் நூலைக் கட்டி, கையில் பிடித்து ஓடவிடுங்கள். மாஞ்சா நூலுக்குச் சென்னையில் காவல்துறை தடை விதித்திருக்கிறது, அது எத்தனை கழுத்துகளை அறுத்திருக்கிறது என்று நம் பகுதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாடிகளில் பட்டம் விடும் பெரிய பையன்கள் இருந்தால், கீழே தொங்கும் அறுந்த நூலைத் தொடக் கூடாது என்று உங்கள் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

செடிகளில் சிலவற்றை அடையாளம் காட்டி ‘தொடாதே’ என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அரளி, ஊமத்தை, எருக்கு. மஞ்சள் அரளிக் காயை வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். முருங்கை மரத்தடியில் உட்கார வைக்கும் முன் தண்டைப் பாருங்கள், கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கும்.

ஏப்ரலில் நுங்கு வண்டிக்காரர் வந்துவிடுவார். நுங்கைச் சாப்பிட்ட பிறகு கூந்தலை, அதாவது நுங்கு எடுத்த வெற்றுக் காயை, தூக்கி எறியாதீர்கள். அளவொத்த இரண்டைத் தேர்ந்தெடுத்து நடுவே ஒரு குச்சியைச் செருகினால் அச்சும் சக்கரமும் தயார். கவைக்குச்சி ஒன்றால் பின்னாலிருந்து தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். குச்சி செருகும் வேலை பெரியவர்களுடையது. வண்டி ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகும், பிள்ளை நிறுத்திப் பார்க்கும், திருப்பிச் செருகச் சொல்லும், மறுபடி ஓட்டும். அந்தக் கோணலை நீங்களாகச் சரிசெய்யப் போகாதீர்கள். கடைச் சாமான்கள் எல்லாம் கோணாமல் ஓடிவிடுவதால்தான் பிள்ளைகளுக்கு அவை சீக்கிரம் சலித்துவிடுகின்றன.

திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் மாசிப் பெருவிழா நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேரைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு மளிகைக் கடை அட்டைப்பெட்டி ஒன்றும் ஒரு கயிறும் கொடுத்துப் பாருங்கள். பொம்மையை உட்கார வைத்து, புங்கம்பூ தூவி, மாடியைச் சுற்றித் தேர் இழுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தாமாகச் சேர்ந்துகொள்வார்கள், ஒருவன் மேளம், ஒருத்தி சுண்டல். கயிறு மட்டும் இரண்டு முழத்துக்கு மேல் இருக்க வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

கூட்டமாக விளையாடும்போது வயது வித்தியாசம் ஒரு தடை என்று பலர் நினைக்கிறார்கள். நம் தெரு விளையாட்டுகளில் அதற்கு எப்போதோ வழி கண்டிருக்கிறார்கள். சின்னதை ‘உப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடலாம், பிடிக்கலாம், கத்தலாம், ஆனால் அவுட் கிடையாது. உங்கள் மூன்று வயதுக் குழந்தையை இப்படிச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஓடுவதைப் பார்த்தே அது விதியைக் கற்றுக்கொள்ளும், ஒரு நாள் ‘எனக்கும் அவுட் உண்டு’ என்று தானே வந்து சண்டை போடும். கல்லா மண்ணா, பூப்பறிக்க வருகிறோம், கண்ணாமூச்சி எல்லாம் இதற்குத் தோது. தட்டாமாலை சுற்றுவதைத் தடுக்காதீர்கள். தலை சுற்றி விழுந்து எழுவது உடலின் சமநிலையைப் பழக்கும். சுற்றிலும் சுவர் முனை இல்லாத இடமாக இருந்தால் போதும். பாண்டிக்கு ஒற்றைக்காலில் தாவ வேண்டும். அது நான்கு வயதையொட்டித்தான் கைகூடத் தொடங்கும். சின்னவளுக்குக் கோலமாவால் பெரிய கட்டங்கள் போட்டு, இரண்டு காலாலும் குதிக்க விடுங்கள். பந்து பற்றிச் சொல்லவே தேவையில்லை, கால்பந்தில் ஊறிய வியாசர்பாடியும் காசிமேடும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

பூங்காக்கள் என்றால், ராயபுரத்தில் 1949இல் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா, பெரம்பூர் மேம்பாலத்தையொட்டிய முரசொலி மாறன் பூங்கா, விடுமுறை நாளுக்கு மாதவரம் தாவரவியல் பூங்கா. ஐ.சி.எஃப் அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் பழைய என்ஜின்கள் வெளியிலேயே நிற்கின்றன, சின்ன ரயிலும் ஓடுகிறது. எங்கே போனாலும் சறுக்கு மரத்தை முதலில் நீங்கள் தொட்டுப் பாருங்கள். பிள்ளை தானாக ஏறி, தானாக இறங்க முடிகிற உயரத்துக்கு மட்டும் ஏறட்டும். நீங்கள் தூக்கிவைத்து ஏற்றிய உயரத்திலிருந்துதான் விழுகிறார்கள். தெருவில் போகும்போது எண்ணூர் விரைவுச்சாலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை பக்கம் கையை விடவே வேண்டாம். மின்வாரியப் பெட்டிகளை விட்டு விலகி நடக்கவும் பழக்குங்கள். காற்றில் ரசாயன வாடை அடித்தால், கண் எரிந்தால், அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே கதை சொல்லுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் வசிப்பவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. தெரு நாய் கீறினாலும் கடித்தாலும் உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், தடுப்பூசி அங்கே இலவசம்.

வெளியே போகும்போது தண்ணீர் பாட்டிலை மறந்துவிடாதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் இந்த வயதுப் பிள்ளைகள் தாகத்தைச் சொல்ல மாட்டார்கள். அரை மணிக்கு ஒரு முறை நீங்களே நீட்டுங்கள், நீர்மோரும் நல்லது. முகம் சிவந்து, சோர்ந்து, எதற்கெடுத்தாலும் எரிச்சல்பட்டால் உடனே நிழலுக்குக் கூட்டிவந்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் விளையாட வேண்டும் என்று கேட்பீர்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளில் மொத்தமாக மூன்று மணி நேரம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணிக்கு மேல் கூடாது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஒரே மூச்சில் மூன்று மணி என்று பயப்பட வேண்டாம். காலையில் முக்கால் மணி, மாலையில் ஒன்றரை மணி வெளியே கிடைத்தால் மீதி வீட்டுக்குள் தானாக நடந்துவிடும். வெளி வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் அழுகைதான் மிஞ்சும். நாலரை மணிக்கு மாடிக் கதவைத் திறந்துவிட்டு, நீங்கள் உங்கள் கைப்பேசியைக் கீழேயே வைத்துவிட்டு மேலே போய் உட்காருங்கள். இரண்டு மூன்று நாள் ‘போர் அடிக்கிறது’ என்பார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் பூப்பறித்துக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ இருங்கள். அந்தச் சலிப்பிலிருந்துதான் அவர்கள் விளையாட்டு தொடங்கும்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அவரோடு சண்டை போடாதீர்கள். அசுத்தமான மண்ணிலிருந்து குடற்புழு வரும். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகவே நுழையும். ஆனால் அதற்கு மருந்து மண்ணை விலக்குவது ஆகாது. மலம் கழிக்கும் இடங்களில் பிள்ளைகளை விடாதீர்கள், தெரு மண்ணில் செருப்புப் போடச் சொல்லுங்கள். விளையாடி வந்ததும் சோப்பால் கையும் காலும் கழுவிய பிறகே தின்பண்டம். வாரம் ஒரு முறை நகம் வெட்டிவிடுங்கள். அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியையும் ஆகஸ்டையும் ஒட்டி, அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முழு மாத்திரை, ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை. சின்னக் குழந்தைக்கு அதை நசுக்கி நீரில் கலந்து கொடுக்க வேண்டும். இந்தச் சுற்றில் உங்கள் பிள்ளைகள் வாங்கவில்லை என்றால் பக்கத்து அங்கன்வாடியிலோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நாளையே கேளுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள், செவிலியர் சொன்னால் அவருக்கும் நிம்மதி. திரும்பி வரும் வழியில் பூவரசு இருந்தால் பீப்பி சுருட்டுவதை அவரிடமே கேட்டுப் பாருங்கள், உங்களைவிட நன்றாக அவருக்குத் தெரிந்திருக்கும்.